பன்னீர் திராட்சை வாசம்

அறைக்குள் பன்னீர் திராட்சை வாசம் அடித்தது.

ஆன்சி கைப்பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கம்பம் பக்கத்திலிருந்து வந்து தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும் கறுப்புத் திராட்சையை விரலால் நசுக்கினால் மூக்கில் ஏறுமே, அதே இனிப்பு. கூடவே அடியில் லேசாக, இரண்டு நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். இந்த வீட்டுக்குள் திராட்சை என்ன, ஒரு கொய்யாப் பிஞ்சுகூட வந்து இரண்டு மாதம் ஆகிறது. பச்சையாக எதுவும் கூடாது, பூ கூடாது, காய்ச்சாத தண்ணீர் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஜெரால்ட் தூங்கிக்கொண்டிருந்தான். மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். அதே பள்ளி ஆபீசில்தான் ஆன்சிக்குக் கிளார்க் வேலை. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டாவது சுற்று மருந்து ஏற்றிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் வாரிக்கொண்டு போய், ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்களை இருநூறில் கொண்டுவந்து விட்டிருந்தது. "இப்ப இவருக்குள்ள காவலுக்கு ஆள் இல்லம்மா. எந்தக் கிருமி போனாலும் கேக்க நாதியில்ல. நீங்கதான் வாசல்ல நிக்கணும்" என்று டாக்டர் பவதாரிணி சொன்ன நாளிலிருந்து ஆன்சி வாசலில்தான் நிற்கிறாள்.

அந்த வாசல் அவன் வலது கையில் இருந்தது. முழங்கைக்கு மேலே தோலுக்குள் நுழையும் மெல்லிய ரப்பர்க் குழாய்; உள்ளே அது நரம்போடு ஏறி, நெஞ்சில், இதயத்துக்கு ஒட்டினாற்போல் போய் முடிகிறது. மருந்து ஏற்றுவதற்காக விட்டு வைத்தது. வெளியே தொங்கும் நுனிக்கு நீல மூடி, மூடியைச் சுற்றித் துணிக்கட்டு. ஆன்சி குனிந்து பார்த்தாள். துணியில் ஓரிடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். முகர்ந்தாள். திராட்சை.

"மதினி, யாராச்சும் பழம் கொண்டாந்தாங்களா?"

"பழமா? உன் சட்டம் தெரிஞ்சும் எவ கொண்டாருவா?" பிலோமினாள் அடுக்களையிலிருந்து சிரித்தாள்.

பிலோமினாள் ஜெரால்டின் அக்கா. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. தாய் போன பிறகு தம்பியை ஆளாக்கியவள். இன்றைக்கும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறவள். ஆன்சி வேலைக்குப் போகிற நாட்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவாள். வந்ததும் குளிப்பாள், துவைத்த புடவைக்கு மாறுவாள், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவாள். குழாயை எப்படிச் சுத்தம் செய்வது என்று நர்ஸ் ஆன்சிக்குக் காட்டியபோது பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டவளும் அவள்தான். மூன்று மணிக்குத் தம்பியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்வாள். மூன்றே முக்காலுக்கு ஆன்சி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

அந்தப் பைக்குள் ஒரு பாட்டில் இருக்கும். மாதா உருவத்தில் செய்த வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில். தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. ஜெரால்டுக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை முற்றியபோது, அவன் அம்மா வேளாங்கண்ணிக்குப் போய் மந்திரித்த தண்ணீர் பிடித்து வந்த பாட்டில். பிள்ளை பிழைத்தான். முப்பது வருடமாகத் தண்ணீரும் தீரவில்லை. "பாதி இருக்கும்போதே கொஞ்சம் ஊத்திரணும். பழைய தண்ணி புதுத் தண்ணிய மந்திரிச்சிரும்" என்பாள் பிலோமினாள். கல்யாணமான புதிதில், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரியா மதினி என்று ஆன்சி கேலி செய்திருக்கிறாள். நோய் வந்த பிறகு கேலி இல்லை. ஒரு சொட்டுகூட அவர் வாயில் ஊற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பிலோமினாளுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும், "சரிம்மா, குடிக்கக் குடுக்கல" என்றாள்.

ஆன்சி அன்று துணிக்கட்டை மாற்றினாள், ஜன்னலைத் திறந்து வாசத்தை வெளியேற்றினாள், பால் காய்ச்ச அடுக்களைக்குப் போனாள். வெயில் வில்லாபுரத்துத் தெருவை வெறிச்சோட வைத்திருந்தது; தாழப் பறந்த விமானம் ஒன்று ஓட்டுக்கூரைகளையும் மாடிகளையும் உரசுவதுபோல் இரைந்துவிட்டுப் போக, அது ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் மட்டும் ஓயாமல் இருந்தது, இரும்பு தரையில் தட்டுகிற சத்தம், சீராக, வேகமாக, பக்கத்து அறையிலிருந்து. கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெரால்டின் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன, உதடு நீலம், கண் மேலே செருகியிருந்தது. மணி நான்கு.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, அதில் இருந்த கிருமிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஒரே ரத்தத்தில் மூன்று விதமான கிருமிகள். அப்படியெல்லாம் சாதாரணமாக வராது, ரத்தம் எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்திருக்கும் என்று சொல்லி டியூட்டி டாக்டர் ஒருத்தர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். இரண்டு நாள் வீணானது. ஆன்சிக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மறுபடி எடுத்தார்கள். அதே மூன்று. கூட இன்னொன்று.

டாக்டர் பவதாரிணி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். தாளையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இதுல எதுவும் இவரு உடம்புக்குள்ள குடியிருக்குற கிருமி இல்லம்மா. எல்லாம் தண்ணில வாழுறது. பழைய தண்ணில. நாலும் ஒண்ணா வந்திருக்குன்னா ஒரே எடத்துலருந்துதான் வந்திருக்கணும்."

"வீட்டுல காய்ச்சின தண்ணிதான் டாக்டர்."

"குடிச்சா இப்படி வராது. எங்கயோ இருக்குற ஒரு தண்ணி நேரா இவரு ரத்தத்துக்குள்ள போகுது. கண்டுபிடிங்க. இந்தத் தடவை காப்பாத்திட்டோம். இன்னொரு தடவை வந்தா என்னால சொல்ல முடியாது."

கைக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு இடது கையில் புதுசாகப் போட்டார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கயோ இருக்குற ஒரு தண்ணி. அந்த வார்த்தை ஆன்சிக்குள் புகுந்துகொண்டது. வீட்டில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று அவளுக்கு அதுவரை தெரியாது. மொட்டைமாடித் தொட்டி, குளியலறை வாளி, ஏர் கூலரின் அடித்தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சொட்டும் சின்னக் கிண்ணம், பல் துலக்கும் டம்ளர், துணி உலர்த்தும் கொடியின் முடிச்சு. ஒவ்வொன்றையும் கவிழ்த்தாள், தேய்த்தாள், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கண்ணெரியக் கழுவினாள். கழுவிய இடங்களில் ஈரம் மின்னியது. ஈரத்தைப் பார்த்ததும் மறுபடி துணியை எடுத்துத் துடைத்தாள். உட்கார்ந்திருக்கும்போது எங்கோ சொட்டுகிற மாதிரி கேட்கும். எழுந்து போனால் நின்றுவிடும். ஆள் ஒளிந்துகொள்கிற மாதிரி இந்தத் தண்ணீர் தன்னைக் கண்டு ஒளிந்துகொள்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கோபம்தான் அதிகம் வந்தது.

கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. முனியாயி அகப்பட்டாள்.

முனியாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. மழை பொய்த்த பிறகு மகனோடு அவனியாபுரத்தில் குடியேறி நாலு வீட்டில் வேலை செய்கிறவள். ஆறு வருடமாக இங்கே வருகிறாள். ஆன்சி அவளை முனியாயிக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்த 'அக்கா' காணாமல் போனது.

"முனியாயி, துடைக்கிற துணியோட அவரு ரூமுக்குள்ள போனியா?"

"போனேன். தெனமும் தொடைக்கச் சொன்னது நீங்கதானம்மா."

"அந்தக் குழாயத் தொட்டியா? அழுக்குக் கையோட தொட்டியா?"

முனியாயி வாளியைக் கீழே வைத்தாள். "நான் தொடல. மூணு மணிக்கு என்னைய வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்திக்கிறாகளே பெரிய டீச்சர், அவுகளக் கேளுங்க."

"செபம் பண்றவங்களப் பத்திப் பேசாத. உன் கையப் பாரு, நகத்தப் பாரு."

"எங்க கைன்னாத்தான் உங்களுக்கு அழுக்கு கண்ணுல படுது." முனியாயியின் குரல் உயரவில்லை. "ஆறு வருசம் இந்தக் கை கழுவுன தட்டுலதான் சாப்ட்டிங்க. நான் வாரேன்."

அவள் போனாள். ஆன்சிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டபோது, கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் வந்தது.

ஒரு வாரம் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். பிலோமினாள் வந்தாள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொன்னாள், விரலால் தம்பியின் நெற்றியில் சிலுவை போட்டாள், போனாள். காய்ச்சல் இல்லை. வாசம் இல்லை. ஜெரால்ட் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டான், அணுக்கள் அறுநூறுக்கு ஏறியிருந்தன. முனியாயி போனதும் நோயும் போயிற்று என்று ஆன்சி பக்கத்து வீட்டில்கூடச் சொன்னாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கட்டில் ஆடியது.

இந்தத் தடவை ஐ.சி.யூ. இடது கைக் குழாயையும் எடுத்துவிட்டுக் கழுத்தில் போட்டார்கள். ரத்த அழுத்தம் விழுந்து விழுந்து எழுந்தது. இரண்டு நாள் ஆன்சி வராந்தா நாற்காலியில் கிடந்தாள். புதன்கிழமை காலையில் அழுத்தம் சீரானது. கண் திறந்தான். "இன்னைக்கும் நாளைக்கும் தாண்டிட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற வழியப் பாக்கலாம்" என்றாள் டாக்டர் பவதாரிணி. உள்ளே போக ஒருத்தருக்குத்தான் பாஸ், மத்தியானம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் வரை. மாற்றுத் துணி எடுத்து வர வேண்டியிருந்ததால் ஆன்சி பாஸைப் பிலோமினாளிடம் கொடுத்தாள்.

"நல்லாக் கை கழுவிட்டுப் போங்க மதினி."

"எனக்குச் சொல்லணுமா? நீ கொஞ்சம் படுத்துட்டு வா" என்று பிலோமினாள் அவள் கன்னத்தைத் தடவினாள். உள்ளங்கை சோப்பு வாசமாக, குளிர்ச்சியாக இருந்தது.

வீட்டைத் திறந்ததும் அடித்தது. இரண்டு நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் சூட்டில் ஊறி, அடர்ந்து, நாக்கில் ருசியாகவே படுகிற அளவுக்குத் திராட்சை. ஆன்சி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அதைப் பிடித்துக்கொண்டே போனாள். அடுக்களையில் இல்லை, குளியலறையில் இல்லை, ஜெரால்டின் அறையில் கூடியது, கட்டிலருகே கூடியது, சுவரில் இருந்த செப மேடைக்குப் பக்கத்தில் இன்னும் கூடியது. மேடையின் மரப்பலகையில் ஒரு வட்டக் கறை. பாட்டில் வைத்து எடுத்த இடம். கறை லேசாகப் பச்சையாக இருந்தது.

மேடையின் இழுப்பறையைத் திறந்தாள். மெழுகுவர்த்தி. செபப் புத்தகம். புத்தகத்துக்கு அடியில், துவைத்து மடித்த வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்சும், ஸ்பிரிட் பஞ்சுப் பொட்டலங்களும். சிரிஞ்சின் உள்சுவரில் கொழகொழவென்று ஒரு படலம் ஒட்டியிருந்தது. முகர வேண்டிய தேவையே இல்லை. பழம் இல்லை, தண்ணீரில் ஊறிய கிருமிதான் இத்தனை நாளும் திராட்சையாக மணத்திருக்கிறது.

முனியாயிக்குப் போன் போட்டாள்.

"மூணு மணிக்கு... மதினி என்ன பண்ணுவாங்க?"

"இப்பக் கேக்குறீகளே. அன்னைக்குக் கேட்டிங்களா? மாதா பாட்டில்லருந்து சிரிஞ்சுல உறிஞ்சுவாக. கொழாய்ல ஏத்துவாக. கதவு இடுக்குல பாத்தேன். பஞ்சு வச்சுத் தொடச்சு, நர்சு மாதிரி சுத்தமாச் செஞ்சாக. மொதல்ல நீங்க சொல்லிக் குடுத்த மருந்துன்னுதான் நெனச்சேன்."

"அவரு?"

"சாருதான் கையக் காட்டுவாரு. அக்கா மனசு நோகக் கூடாதும்பாரு. நான் பாத்தது தெரிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லாதன்னாரு."

குடிக்கக் கொடுக்கவில்லை. சொன்ன சொல்லை மதினி மீறவே இல்லை. வாயில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. முப்பது வருடம். ஒரு நாளும் காலியாகாமல், ஒரு நாளும் கழுவப்படாமல், ஊற்றி ஊற்றி, மேலே மேலே, இருட்டில், அந்தப் பைக்குள். அது நேராக நெஞ்சுக்கு.

மணி இரண்டு நாற்பது.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தாள். பிலோமினாள் எடுக்கவில்லை. செப நேரத்தில் போனை அணைத்துவிடுவாள். ஐ.சி.யூ. எண்ணை ஆன்சி வாங்கி வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பு எண்ணில் ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் சொல்லிக்கொண்டிருந்தது. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். வெயில் ரெக்சின் சீட்டில் கொதித்தது. ஆன்சி சத்தமாகவே திட்டினாள். ரோட்டைத் திட்டினாள், மதினியைத் திட்டினாள், கையைக் காட்டிக்கொண்டு படுத்திருந்த அந்தப் பெரிய படிப்புப் படித்தவனைத் திட்டினாள், பாஸை எடுத்துக் கொடுத்த தன் கையைத் தொடையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் நடைபாதையில் ஏற்றி ஓட்டினார்.

இரண்டு ஐம்பத்தெட்டு. மாடிப்படி. வராந்தா. கண்ணாடிக் கதவு.

"பாஸ் இருக்காம்மா?" காவலாளி குறுக்கே கையை நீட்டினான்.

"உள்ள என் வீட்டுக்காரரு... அத நிறுத்தச் சொல்லுங்க. கதவத் திறங்க."

"ஒருத்தர்தான். அவுங்க வந்ததும் போங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது கட்டில். பிலோமினாள் நின்றிருந்தாள். பச்சை அங்கி. முகக்கவசம். கழுவிய கையில் இன்னும் ஈரம். மேசைமேல் மாதா. தலையில் கிரீடம் இல்லை.

ஆன்சி கண்ணாடியை அறைந்தாள். உள்ளே சத்தம் போகவில்லை. மறுபடி அறைந்தாள். காவலாளி தோளைப் பிடித்தான்.

பிலோமினாள் நிமிர்ந்தாள். பார்த்தாள். கண்கள் சிரித்தன. இரு, முடித்துவிட்டு வருகிறேன் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினாள்.

பஞ்சு. குழாயின் முனை. சுற்றிச் சுற்றித் துடைத்தாள். நர்ஸ் சொன்னபடி. முப்பது எண்ணும்வரை. முகக்கவசத்துக்குள் உதடு அசைந்தது.

ஜெரால்ட் விழித்திருந்தான். அவன் கை மெதுவாக மேலே வந்தது. கழுத்துக் குழாயை எடுத்து, அக்காவுக்கு வாகாகத் தூக்கிப் பிடித்தது. அவன் ஆன்சியைப் பார்த்தான். தப்புச் செய்து அகப்பட்ட பள்ளிப் பிள்ளையின் முகம். கை இறங்கவில்லை.

சிரிஞ்ச் அழுந்தியது.

முழுவதும்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று.

யாரோ ஒரு நர்ஸ் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள், ஆன்சியைப் பார்த்து முகம் சுளித்தாள், இந்தப் பக்கமாக நடந்து வரத் தொடங்கினாள். பிலோமினாள் தம்பியின் நெற்றியில் சிலுவை போட்டாள். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கதவோரத்தில் இருந்த கை கழுவும் தொட்டிக்கு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆன்சிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, குழாயைத் திறந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலின் கம்பி அடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை ஒரு மணி நேரம் ஆகவில்லை. நர்ஸ் நின்றாள், திரும்பினாள், ஓடினாள். பிலோமினாள் திரும்பவில்லை. ஒரு சொட்டும் சிந்தாமல் கழுத்துவரை நிரப்பினாள், கிரீடத்தை வைத்துத் திருகினாள், மாதாவின் முகத்தில் இருந்த ஈரத்தை அங்கியின் நுனியால் ஒற்றித் துடைத்தாள்.